பதினேழாவது நோயாளி

"இவர் ஆராய்ச்சி பண்ண ஆரம்பிச்சுட்டார்டி. நீ ஒரு நடை ஆத்துக்கு வந்துட்டுப் போ" என்று அக்கா போனில் சொன்னபோது எனக்குச் சிரிப்புத்தான் வந்தது. இவர் என்றால் அவள் கணவர், என் அத்திம்பேர். ஒரு பாங்கில் முப்பது வருஷத்துக்கு மேல் அடுத்தவர் கையெழுத்தை உற்று உற்றுப் பார்த்தே ஓய்வு பெற்றவர். வாட்ஸ்அப்பில் வரும் வைத்தியக் குறிப்புகளை ஒரு பைசாவுக்கு மதிக்காதவர். யாராவது இஞ்சிச் சாறு, எலுமிச்சை என்று அனுப்பினால் 'ஆதாரம்?' என்று ஒற்றை வார்த்தையில் பதில் போட்டு உறவுக்காரர்கள் அத்தனை பேரிடமும் கெட்ட பெயர் வாங்கியவர். அப்படிப்பட்டவர் ஆராய்ச்சி செய்தால் நல்லதுதானே என்று நினைத்தேன். என் புத்தியைச் செருப்பால் அடிக்க வேண்டும்.

அக்காவுக்கு இரண்டு சிறுநீரகமும் ஏறக்குறைய முடிந்துவிட்டிருந்தன. அடையாறில் அவள் காட்டிக்கொள்ளும் டாக்டர் ஒளிவுமறைவில்லாமல் சொல்லிவிட்டார்: இரண்டு மூன்று மாதத்தில் டயாலிசிஸ் தொடங்கியாக வேண்டும். அதற்கு முன்னால் இடது கையில் இரண்டு ரத்தக் குழாய்களை இணைத்து ஒரு சின்ன ஆபரேஷன். அந்த இணைப்பு தேறி, ஊசியைத் தாங்குவதற்கே ஆறு வாரம், எட்டு வாரம் ஆகும். அதனால் இப்போதே செய்துகொள்ள வேண்டும். தள்ளிப்போட்டால் ஒரு நாள் மூச்சு முட்டிக்கொண்டு ஓடி வருவீர்கள், அவசரத்தில் கழுத்தில் குழாய் சொருக வேண்டிவரும், அதில் எது வேண்டுமானாலும் ஆகலாம் என்றார். அடுத்த புதன்கிழமைக்குத் தேதி கொடுத்திருந்தார்கள். அக்கா போன் செய்தது வியாழக்கிழமை காலை.

ஆபீசுக்கு அரை நாள் லீவு சொல்லிவிட்டு, கே.கே. நகரிலிருந்து பஸ் பிடித்து மயிலாப்பூர் போய்ச் சேர்ந்தேன். அத்திம்பேர் சாப்பாட்டு மேஜையை ஆபீஸ் ஆக்கியிருந்தார். பதினொரு ஆராய்ச்சிக் கட்டுரைகள், ஒவ்வொன்றும் தனித்தனியாகப் பின் அடித்து, முக்கியமான வரிகளுக்கு மஞ்சள் பேனாவால் கோடு போட்டு, வரிசையாக அடுக்கி வைத்திருந்தார். பக்கத்தில் ஒரு பிளாஸ்டிக் டப்பாவில் பழுப்பு நிறப் பொடி. ஒரு வேரை உலர்த்தி இடித்தது. அந்த வேரின் பெயரை இங்கே எழுத மாட்டேன். எழுதினால் அதையும் யாராவது தேடல் பெட்டியில் தட்டித் தேடித் தொலைப்பார்கள்.

"இது ஃபார்வேர்ட் இல்லை, பாத்துக்கோ" என்றார். "பேராசிரியர்கள்லாம் உபயோகப்படுத்தற தேடல் இது. கட்டுரை மட்டுந்தான் வரும். அந்த வேர் பேரையும் கிட்னியையும் போட்டேன், கொட்டறது. கிட்னி கெட்டா ரத்தத்துல ஏறுமே கிரியாட்டினின், அது பாதிக்குப் பாதி குறையறது. இது தெரியாம கையை அறுக்க நாள் பாத்துண்டு இருக்கோம்."

"ஆபரேஷனைத் தள்ளிப்போடப் போறேளா?"

"மூணு மாசம். மூணே மாசம் பொடியைக் குடுத்துப் பாப்போம். பத்து நாளா சாப்டறா, நன்னாத்தான் இருக்கா."

அக்கா அடுப்படி வாசலில் நின்று என்னையே பார்த்துக்கொண்டிருந்தாள். கால் வீங்கிக் கொலுசு கழற்றியிருந்தாள். "நீதான் படிச்சவ. நீ பாத்துச் சொல்லு, நான் கேட்டுக்கறேன். வெட்டிக்கணும்னா வெட்டிக்கறேன், வேண்டாம்னா விட்டுடறேன்" என்றாள். வேறு யாரும் இப்படி ஒரு பாரத்தை என் தலையில் வைத்ததில்லை. பதினொன்றையும் பையில் போட்டுக்கொண்டு கிளம்பினேன்.

நான் படித்தவள்தான். உயிர்வேதியியலில் எம்.எஸ்ஸி. ஆனால் என்னை இதற்குப் பொருத்தமானவளாக ஆக்கியது அந்தப் படிப்பு இல்லை, என் வேலை. தி. நகரில், பாண்டி பஜாருக்குப் பின்னால் ஒரு சந்தில், ரவிக்கைத் தையல் கடைக்கு மேலே இரண்டாவது மாடியில் எங்கள் ஆபீஸ். போர்டில் ஆராய்ச்சி உதவி மையம் என்று இருக்கும். கர்மம், அதை மையம் என்பதா! பிஎச்.டி. பண்ணுகிறவர்களுக்குப் பிஎச்.டி. பண்ணித் தருகிற இடம். பதவி உயர்வுக்கு ஆராய்ச்சிக் கட்டுரை வேண்டும் என்று அலையும் கல்லூரி ஆசிரியர்களுக்குக் கட்டுரை எழுதிக் கொடுக்கும் இடம். அதற்குள் எட்டு வருஷம் அங்கே உட்கார்ந்திருந்தேன். சொல்லும்போதே நாக்கு கசக்கிறது.

எனக்குக் கொடுத்திருந்தது 'முன் ஆய்வுகள்' என்கிற அத்தியாயம். ஒரு விஷயத்தில் இதுவரை உலகத்தில் யார் யார் என்னென்ன கண்டுபிடித்திருக்கிறார்கள் என்று தேடிப் படித்து, சலித்து, எது நம்பத் தகுந்தது, எது இல்லை என்று எடைபோட்டு எழுத வேண்டிய பகுதி. நாங்கள் செய்தது இதுதான். தேடல் பெட்டியில் நாலு வார்த்தை தட்டுவோம். ஒவ்வொரு கட்டுரைக்குக் கீழேயும் 'இத்தனை பேர் இதை மேற்கோள் காட்டியிருக்கிறார்கள்' என்று ஒரு எண் இருக்கும். அந்த எண் பெரிதாக இருப்பவற்றில் முதல் நாற்பதை எடுப்போம். கட்டுரையைத் திறக்கமாட்டோம், மேலே இருக்கும் பத்து வரிச் சுருக்கத்தை மட்டும் பார்ப்போம். நாற்பது போதவில்லை என்றால் வேறொருவர் கட்டுரையின் கடைசிப் பக்கத்தில் இருக்கும் பட்டியலை அப்படியே தூக்கி வைத்துக்கொள்வோம். அதை அவர் எங்கிருந்து தூக்கினாரோ, யார் கண்டது.

சேர்ந்த புதிதில் நான் கட்டுரைகளை முழுசாகப் படித்தேன். முதலாளி பின்னால் வந்து நின்றார்.

"இன்னா மேடம், ஒரு பேப்பர வச்சிக்கினு காலீலேர்ந்து குந்தினு கீறீங்க?"

"இவர் சொல்றதும் அட்டவணையில இருக்கறதும் ஒத்துப் போகல சார்."

"அது அவரு கவல. நீங்க சுருக்கத்த பாருங்க, நம்பர எடுங்க, போய்க்கினே இருங்க. படிச்சிக்கினு குந்தினா கட சாத்திட்டு போவ வேண்டியதுதான்."

எட்டாம் நாள் நானும் படிப்பதை விட்டுவிட்டேன். எட்டு வருஷத்தில் ஒருவர்கூட, ஒரு கைடுகூட, ஒரு தேர்வாளர்கூட, 'இந்தக் கட்டுரையை நீ படித்தாயா' என்று எங்கள் வாடிக்கையாளர் ஒருவரையும் கேட்டதில்லை. எத்தனை மேற்கோள் என்று எண்ணிப் பார்த்தார்கள். கைடின் சொந்தக் கட்டுரைகள் ஏழெட்டாவது அதில் இருக்கிறதா என்று பார்த்தார்கள். அவ்வளவுதான்.

வெள்ளிக்கிழமை காலை அதே ஆபீசில், அதே நாற்காலியில் உட்கார்ந்து அத்திம்பேரின் பதினொன்றையும் வரிசையாகத் திறந்தேன். இந்தத் தடவை முழுசாகப் படித்தேன். இவ்வளவு காலம் நான் எதைச் செய்யாமல் விட்டேனோ அதை என் அக்காவுக்காகச் செய்தேன்.

முதல் கட்டுரையை எழுதியவர்கள் நாலு பேர். நாலு பேருமே மெக்கானிக்கல் இன்ஜினியரிங் துறை. கிட்னிக்கும் இவர்களுக்கும் என்ன சம்பந்தம் என்று அந்தப் பத்திரிகையில் ஒருத்தருக்கும் தோன்றவில்லை. இரண்டாவது கட்டுரை பத்திரிகைக்குப் போய்ச் சேர்ந்த நாளுக்கும் ஏற்கப்பட்ட நாளுக்கும் நடுவே நாலு நாள், அதில் ஒரு ஞாயிற்றுக்கிழமை. மூன்றாவதில் சிறுநீரகச் செயலிழப்பு என்று வர வேண்டிய இடத்தில் எல்லாம் 'சிறுநீரக ஏமாற்றம்' என்று அர்த்தம் வருகிற ஆங்கிலத்தில் எழுதியிருந்தது. எங்களுக்கு இது பழகிய விஷயம். அடுத்தவர் கட்டுரையை அப்படியே நகல் எடுத்தால் சாஃப்ட்வேர் காட்டிக்கொடுத்துவிடும். அதனால் இன்னொரு சாஃப்ட்வேரில் போட்டு வார்த்தைக்கு வார்த்தை மாற்றுவார்கள். செயலிழப்பு ஏமாற்றம் ஆகிவிடும். அதை எழுதியவர் படிக்கவில்லை, ஏற்றவர் படிக்கவில்லை, மேற்கோள் காட்டியவரும் படிக்கவில்லை. அத்திம்பேர் படித்திருக்கிறார், பாவம். அந்த வார்த்தைக்குப் பக்கத்தில் பென்சிலால் ஒரு கேள்விக்குறி போட்டிருந்தார். தனக்குத்தான் மருத்துவ ஆங்கிலம் தெரியவில்லை என்று நினைத்திருப்பார்.

ஆனால் இதையெல்லாம்விட எனக்கு உறுத்திய விஷயம் வேறு. பதினொன்றில் பத்துக் கட்டுரைகளில் நோயாளி என்று ஒருவர்கூடக் கிடையாது. ஒன்றில் எலி. ஒன்றில் கண்ணாடிக் குழாய். மற்றவற்றில் அதுவும் இல்லை, வெறும் பேச்சு. எல்லாவற்றிலும் ஒரே ஒரு வரி மட்டும் கொஞ்சம் கொஞ்சம் மாறி மாறி வந்தது: இந்த வேர் மனிதர்களிடம் கிரியாட்டினின் அளவைக் குறைப்பது ஏற்கெனவே நிறுவப்பட்டுள்ளது. அந்த வரிக்குப் பக்கத்தில் ஒரு மேற்கோள் எண். பத்திலும் அந்த எண்ணைத் துரத்திக்கொண்டு கடைசிப் பக்கத்துக்குப் போனேன். பத்தும் ஒரே கட்டுரையைக் காட்டின. அத்திம்பேரின் அடுக்கில் அதுதான் பதினொன்றாவது. தேடல் பெட்டியில் போட்டுப் பார்த்தேன். முப்பத்தாறு பேர் மேற்கோள் காட்டியிருக்கிறார்கள் என்று வந்தது.

அதைத் திறந்தேன். தலைப்பு எனக்கு ஞாபகம் வரவில்லை. எழுதியவர்களின் பெயர்களும் எங்கேயோ கேட்ட மாதிரிதான் இருந்தன. மூன்றாம் பக்கத்தில் ஒரு அட்டவணை. இருபத்து நாலு நோயாளிகள். வயது, ஆணா பெண்ணா, யூரியா, கிரியாட்டினின், பொட்டாசியம், ஹீமோகுளோபின். மருந்துக்கு முன், மருந்துக்குப் பின். பதினேழாவது வரிசையைச் சுற்றி அத்திம்பேர் மஞ்சளில் வட்டம் போட்டு, ஓரத்தில் 'வயசும் நோயும் இவளை மாதிரியே' என்று எழுதியிருந்தார்.

பெண், ஐம்பத்தொன்று. பக்கத்தில் இருந்த எண்களைப் பார்த்தேன்.

அது அவளை மாதிரி இல்லை. அது அவளேதான்.

ஐந்து வருஷத்துக்கு முந்தைய ஒரு காலை. ஒரு கல்லூரி ஆசிரியருக்குப் பதவி உயர்வுக்காக அவசரமாக ஒரு கட்டுரை வேண்டியிருந்தது. வேர், சிறுநீரகம் என்று தலைப்பு மட்டும் கொடுத்திருந்தார். நோயாளிகளையும் அவரே கொண்டுவருவார் என்று நான் நினைத்துக்கொண்டிருந்தேன். முதலாளி சிரித்தார். "நோயாளி எங்க மேடம் கீறான்? நீங்கதான் போடணும். ஒரு இருபத்து நாலு பேர் போடுங்க. ரவுண்டா போட்றாதீங்க, மாட்டிக்குவோம். நெசமாட்டம் இருக்கணும்."

நிஜம் மாதிரி எண்களை இஷ்டத்துக்குப் போட முடியாது. கற்பனையில் போடும் எண்களுக்கு ஒரு வழவழப்பு வந்துவிடும். நிஜ ரத்தத்தின் எண்கள் கோணல்மாணலாக இருக்கும். அன்றைக்குக் காலையில் ஆபீசுக்கு வருமுன் மயிலாப்பூர் லேபுக்குப் போய் அக்காவின் ரத்தப் பரிசோதனை முடிவை வாங்கிக்கொண்டு வந்திருந்தேன். சாயங்காலம் அவளிடம் கொடுக்க வேண்டியது. கவரைப் பிரித்தேன். கட்டுரைக்குத் தேவையான அளவிலேயே எல்லாம் இருந்தது. பொருந்துகிறதே என்று சந்தோஷமாகக்கூட இருந்தது, சீ. அதை அப்படியே பதினேழாவது வரிசையில் போட்டேன். அதிலேயே கொஞ்சம் கூட்டி, கொஞ்சம் குறைத்து, வயதை நாலு ஏற்றி, மூன்று இறக்கி, ஆண் பெண் மாற்றி, மற்ற இருபத்து மூன்று பேரையும் செய்தேன். இருபத்து நாலு பேரும் என் அக்காதான். பிறகு 'மருந்துக்குப் பின்' என்கிற பத்தியில் எல்லோருக்கும் குறைத்தேன். பதினேழுக்கு மட்டும் மற்றவர்களைவிடக் கொஞ்சம் அதிகமாகவே குறைத்தேன். அவளாயிற்றே என்று ஒரு ஆசை.

அந்த வெள்ளிக்கிழமை மேற்கொண்டு ஆபீசில் உட்கார முடியவில்லை. ஆனாலும் கிளம்புமுன் அந்தப் பத்திரிகைக்கு ஒரு மெயில் அனுப்பினேன். இந்தக் கட்டுரையில் இருக்கும் நோயாளிகள் பொய், நான்தான் எழுதினேன், எடுத்துவிடுங்கள் என்று. பாத்ரூமில் முகம் கழுவிக்கொண்டு வருவதற்குள் பதில் வந்துவிட்டது. மதிப்புக்குரிய ஆய்வாளரே, எங்கள் மேல் நீங்கள் காட்டும் ஆர்வத்துக்கு நன்றி, அடுத்த கட்டுரையை இந்த மாதமே அனுப்பினால் விரைவாக வெளியிடுவோம். தூ. படிக்காமல் எழுதிய எனக்குப் படிக்காமல் பதில் எழுத ஒரு மெஷினை வைத்திருக்கிறார்கள்.

சனிக்கிழமை காலை பதினொரு மணிக்கு மறுபடி மயிலாப்பூர். வழியெல்லாம் ஒரே கணக்குப் போட்டுக்கொண்டு வந்தேன், என் பங்கைச் சொல்லாமலே இந்தக் கட்டுரைகளை உடைத்துவிட முடியுமா என்று. வெட்கத்தை விட்டுச் சொல்கிறேன், அதுதான் என் எண்ணம். கட்டுரைகள் குப்பை என்று நிரூபித்தால் போதுமே, எழுதினவள் யார் என்று எதற்கு?

அத்திம்பேர் ஒவ்வொன்றாகக் கேட்டுக்கொண்டார்.

"இன்ஜினியர்னா என்ன? ஐன்ஸ்டைன்னு ஒருத்தர் கிளார்க்கா இருந்தார்னு சொல்றா. துறையைப் பாத்தா ஆராய்ச்சி?"

"நாலு நாள்ல ஏத்துண்டிருக்கா அத்திம்பேர். யாரும் படிச்சே பாக்கலைன்னு அர்த்தம்."

"இல்லை, வேலை ஒழுங்கா நடக்கறதுன்னு அர்த்தம். நம்ம ஆபீஸ்ல எல்லாம் நாலு மாசம் ஃபைலைத் தூங்கப் போட்டுப் பழகிட்டோம், அதான் உனக்கு அதிசயமா இருக்கு."

"பத்துக் கட்டுரையும் ஒண்ணைப் பாத்து ஒண்ணு எழுதினது. ஆதாரம்னு இருக்கறது அந்த ஒரே ஒரு கட்டுரைதான்."

"அந்த ஒண்ணு போறுமே! முப்பத்தாறு பேர் அதை எடுத்துக் காட்டியிருக்கா. முப்பத்தாறு பேரும் மக்கா? நீ ஒருத்திதான் புத்திசாலியா?"

இதற்கு மேல் வழியில்லை. அக்கா கட்டில் ஓரத்தில் உட்கார்ந்து கேட்டுக்கொண்டிருந்தாள். முகம் வெளுத்து, கண்ணுக்குக் கீழே உப்பியிருந்தது. புதன்கிழமைக்கு நாலு நாள்.

"அந்தக் கட்டுரையை எழுதினது நான்தான்" என்றேன்.

அத்திம்பேர் சிரித்துவிட்டார். "என்னடிம்மா உளர்றே?"

"எங்க ஆபீஸ்ல. காசு வாங்கிண்டு எழுதிக் குடுத்தோம். நோயாளியே கிடையாது. ஒருத்தரும் அந்தப் பொடியைச் சாப்டலை. எல்லாம் நான் உக்காந்து போட்டது."

அவர் கட்டுரையை எடுத்தார். முதல் பக்கத்தில் பெயர்கள் இருக்கும் இடத்தில் விரலை வைத்து, பாங்கில் செக்கைப் பார்ப்பது மாதிரி ஒவ்வொரு பெயராகப் பார்த்தார். "உன் பேர் எங்க இருக்கு?"

"இருக்காது. அதுக்குத்தானே எங்களண்ட வரா."

"பேர் இல்லை, கையெழுத்து இல்லை. நான் எழுதினேன்னு யார் வேணா வந்து சொல்லலாம். இவளுக்கு ஆபரேஷன் பண்ணியே தீரணும்னு உனக்கு ஒரு பிடிவாதம், அதுக்காக இப்படி ஒரு கதை. நல்ல எண்ணந்தான், நான் தப்பாச் சொல்லலை. ஆனா ஆதாரம்?"

எனக்குக் கோபம் தலைக்கேறியது. யார் மேல் என்றுதான் தெரியவில்லை. பொய்யாக எழுதியதற்கு முப்பத்தாறு பேர் சாட்சி, உண்மையைச் சொல்ல வந்தால் ஆதாரம் கேட்கிறார்கள். ஆதாரம் இருந்தது. அதைக் காட்டாமல் தப்பித்துக்கொள்ளலாம் என்றுதான் அதுவரை பார்த்தேன்.

"அக்காவோட பழைய ரிப்போர்ட் ஃபைலை எடுங்கோ" என்றேன். "அஞ்சு வருஷத்துக்கு முன்னாடி எடுத்தது."

அத்திம்பேர் ஒரு துண்டுக் காகிதத்தைக்கூடத் தொலைக்கிற மனுஷர் இல்லை. பீரோவின் அடித்தட்டிலிருந்து ஃபைலை எடுத்துத் தேதிவாரியாகப் புரட்டினார். அந்தத் தாளை உருவி, கட்டுரையின் அட்டவணைக்குப் பக்கத்தில் வைத்தேன். பதினேழாவது வரிசை. யூரியாவைப் படித்தேன், அவர் தாளில் பார்த்தார். கிரியாட்டினினைப் படித்தேன். பொட்டாசியத்தைப் படித்தேன். ஹீமோகுளோபினைப் படிக்கும்போது "போறும்" என்றார்.

கீழே தெருவில் கீரைக்காரி கத்திக்கொண்டு போனாள். அத்திம்பேர் மஞ்சள் கோடு போட்ட பதினொன்றையும் ஒன்றன்மேல் ஒன்றாக அடுக்கினார், தட்டிச் சரிசெய்தார், மறுபடியும் தட்டினார். அப்புறம் என்னைப் பார்த்த பார்வை இருக்கிறதே, முப்பது வருஷத்தில் அவர் என்னை அப்படிப் பார்த்ததில்லை. தப்பான கையெழுத்துப் போட்டு மாட்டிக்கொண்டவர்களை அப்படித்தான் பார்த்திருப்பார் போல.

"அந்தப் பேப்பரை இப்படிக் குடு" என்றாள் அக்கா.

கண்ணாடியைப் போட்டுக்கொண்டு வட்டம் போட்ட வரிசையைத் தேடினாள். "இது நானா?"

"ஆமாக்கா."

"பின்னாடி குறைஞ்சிருக்கே?"

"அது நான் போட்டது."

"நன்னாக் குறைச்சிருக்கே" என்றாள். கேலியா, நிஜமாகவேதான் சொன்னாளா என்று எனக்குப் புரியவில்லை. தாளை மடியில் வைத்துக்கொண்டு, "பத்து நாளா நான் இவளைத்தான் நெனச்சிண்டு பொடியை முழுங்கினேன். யாரோ ஒருத்தி, எந்த ஊரோ, நம்மளை மாதிரியே இருந்து தேறிட்டா, நாமளும் தேறிடுவோம்னு" என்றாள்.

எனக்கு அழுகை முட்டிக்கொண்டு வந்தது. அழுவதற்கு எனக்கு என்ன யோக்கியதை என்று அடக்கிக்கொண்டேன்.

அவள் அத்திம்பேர் பக்கம் திரும்பினாள். "டாக்டருக்கு ஃபோன் பண்ணிடுங்கோ, புதன்கிழமை வரோம்னு. இந்தப் பொடி சாப்ட்டதையும் சொல்லிடுங்கோ, மறைக்காதீங்கோ." அவர் தலையாட்டிவிட்டு, போனை எடுத்துக்கொண்டு பால்கனிக்குப் போனார். வேலை முடிந்தது என்று நினைத்தேன். ஆபரேஷன் நடக்கும், கழுத்தில் குழாய் இல்லை, என் வெட்கம் என்னோடு. எழுந்திருக்கப் பார்த்தேன்.

அக்கா இப்போது லேப் ரிப்போர்ட்டை எடுத்துப் பார்த்துக்கொண்டிருந்தாள். விரலால் தேதியைத் தடவினாள்.

"இது நீதானே வாங்கிண்டு வந்தே?"

"ஆமா."

"அன்னிக்குச் சாயங்காலம் கவரைக் குடுத்தப்ப நான் என்ன போட்டிருக்குன்னு கேட்டேன். நீ என்ன சொன்னே?"

அவளுக்கே ஞாபகம் இருந்தது.

"சுகர் மட்டும் கொஞ்சம் ஜாஸ்தி, மத்ததெல்லாம் பரவாயில்லைன்னே. இவளே சொல்லிட்டாளேன்னு நாங்க டாக்டர்கிட்டக்கூடப் போகலை. பிரிச்சுக்கூடப் பாக்காம ஃபைல்ல போட்டுட்டார். அப்புறம் ரெண்டு வருஷம் கழிச்சு மயக்கமா விழுந்தப்பதான் கிட்னி டாக்டரையே பாத்தோம்."

"அக்கா..."

"இரு. இந்தக் கட்டுரையில என்னை என்னன்னு போட்டிருக்கே? மேல எழுதியிருக்கு பாரு, எனக்கு இங்கிலீஷ் தெரியும். சிறுநீரக நோயாளிகள்னு போட்டிருக்கு." கட்டுரையையும் ரிப்போர்ட்டையும் சேர்த்துப் பிடித்து என் பக்கம் நீட்டினாள். அவள் குரல் உயரவே இல்லை. "எனக்குக் கிட்னி போறதுன்னு அன்னிக்குக் காத்தாலையே உனக்குத் தெரிஞ்சிருக்கு. ஊருக்கெல்லாம் எழுதிட்டே. என்கிட்ட மட்டும் ஏன்டி சொல்லலை?"

படிக்கலைக்கா என்றேன். பொருந்தறதான்னு மட்டும் பாத்தேன், படிக்கலை.